சொல்வாய்

லெம்விக் துறைமுகத்துக்குப் பின்னால்
ஒரு காலத்தில் மீனைக் குளிரவைத்த கட்டடத்தில்
பதினோரு வெந்நீர்த் தொட்டிகள்
சுவரோடு நிற்கின்றன,
நேர்காணலுக்கு வந்தவர்கள்போல.

அவள் பெயர் சொல்வாய்.
டென்மார்க்கில் அது வெறும் பெயர்.
தமிழ்க் காதில் விழுந்தால் வேண்டுகோள்.
அவள் பிழைப்பும் அதுதான்:
பேசத் தெரியாத பொருள்களைச் செய்பவர்களிடம் போய்
விதியைப் பிரித்துக் காட்டி, பேசவைப்பது.

"முப்பது வருஷமாக என் தொட்டிகள்
யாரோடும் பேசியதில்லை.
யாரும் குறை சொன்னதுமில்லை"
என்கிறார் அஸ்கெர் க்விஸ்ட்.
கையில் இன்னும் ஸ்பேனர்.

நவம்பர். வெளியே மேற்குக் காற்று.
இன்றிரவு காற்றாலைகள்
வாங்க ஆளில்லாத மின்சாரத்தைச்
சுற்றித் தள்ளும்.
விடிந்து ஊரே குளிக்கப் போகையில்
காற்று படுத்துக்கொள்ளும்.
இரவில் குடி, காலையில் பொறு:
நூற்றி நாற்பது பக்க விதிக்கு
இவ்வளவுதான் பொருள்.
ஆனால் வாசகம் வாசகமாகப் படிக்க வேண்டும்.
"வேண்டும்" என்று எழுதியிருந்தால் கட்டளை.
"நலம்" என்றிருந்தால் அறிவுரை.
வழக்கெல்லாம் இரண்டுக்கும் இடையில்.

முதல் சோதனை.
"பொறு" என்று அனுப்புகிறாள்.
தொட்டி பொறுத்தது.
பொறுக்கிறேன் என்று சொல்லவில்லை.
தவறியது, என்று குறித்தாள்.

"செய்ததே! அது போதாதா?"

"செய்தது உங்களுக்குத் தெரியும்.
கம்பியின் அந்த முனையில் இருப்பவருக்கு?"

வீட்டிலும் இதே புகாரைக்
கேட்டிருப்பார் போலும்.
அஸ்கெர் காதைச் சொறிந்துகொண்டார்.

"எழு" என்றதும்
பதினொன்றும் ஒரே நொடியில் எழுந்தன.
விளக்கு மங்கியது. பிரேக்கர் விழுந்தது.
இருட்டில் அவள் குரல் மட்டும்:
"இது பதினொன்று.
பதினோரு லட்சம் என்று வையுங்கள்."
ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு சோழி உருட்டி,
விழுந்த எண்ணுக்குக் காத்திருந்து,
முன்னும் பின்னுமாக எழட்டும் என்றாள்.
டார்ச் வெளிச்சத்தில் அவர் எழுதிக்கொண்டார்,
ஒரு மீன்பெட்டியின் மூடிமேல்.

மதியம் கம்பு ரொட்டி, ஊறிய ஹெர்ரிங்.
இருவரும் பேசவில்லை.
அதற்கு விதி இல்லை.

பிறகு அவள் கேபிளைப் பிடுங்கினாள்.
அறுபது நொடிக்கு ஒருமுறை
"இருக்கிறேன்" என்று துடிப்பு வர வேண்டும்.
வரவில்லையென்றால் சற்றுப் பார்த்துவிட்டு,
தன் புத்திப்படி நடக்க வேண்டும்.
பத்துத் தொட்டிகள் நடந்தன.
ஏழாவது மட்டும்
கடைசியாகக் கேட்ட "பொறு"வைப் பிடித்துக்கொண்டு
ஆறிக்கொண்டே நின்றது.
சொன்ன குரல் போய்விட்டது என்று
அதற்கு யாரும் எழுதி வைக்கவில்லை.
அஸ்கெரின் மருமகன் வில்லாட்ஸ் வந்து
நான்கு வரி எழுதினான்.
தொட்டி சூடேறும் சத்தம் கேட்டது,
தொண்டையைச் செருமுவதுபோல.

கடைசியாக, மறுப்புப் பொத்தான்.
திரையில் ஐந்து படி இறங்கித்
தேடி எடுத்தாள்.

"முன்னால் வைத்தால்
எல்லோரும் அழுத்திவிடுவார்களே."

"அழுத்தட்டும். குழந்தைக்குக் காய்ச்சல்,
வெந்நீர் இப்போதே வேண்டும் என்றால்,
வீட்டுக்காரரின் சொல்தான் முதல் சொல்.
தொட்டி அதையும் அறிவிக்க வேண்டும்:
இன்று என்னால் ஆகாது, என்று.
ஆகாது என்பதும் பதில்தான்.
மௌனத்தை வைத்து யாரும்
கணக்குப் போட முடியாது."

நாலரைக்கே இருட்டிவிட்டது.
பத்துக்குப் பச்சை முத்திரை.
ஏழாவது இப்போது எல்லாம் சொல்கிறது,
கேட்டதற்கெல்லாம், தெளிவாக.
ஆனால் கோடைக்காலக் கடிகாரத்தை
இன்னும் பின்னுக்குத் தள்ளவில்லை;
ஒரு மணி நேரம் முன்னால் வாழ்கிறது.
"செவ்வாய்க்கிழமை வருகிறேன்,"
என்று கோப்பை மூடினாள் சொல்வாய்.

அஸ்கெர் கை கழுவப் போனார்.
ஏழாவதின் குழாயைத் திறந்தார்.
சுட்டது,
வர வேண்டிய நேரத்துக்கு
ஒரு மணி முந்தி.